இணையுயில்

அது முதல்முறை பேசியபோதே மிதுலனை "மாமா" என்று கூப்பிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாரணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பொள்ளாச்சியில், கோவை சாலையை ஒட்டி இருந்த வக்கீல் நஸ்ரின் பானுவின் அலுவலகம் அது. உள்ளறையில் கணவனுக்கும் மனைவிக்கும் இரண்டு நாற்காலி, எதிரே மேசைமேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு ஒலிபெருக்கி. முகமோ படமோ கிடையாது. வந்த குரலும் ஆண் குரலா பெண் குரலா என்று பிடிபடவில்லை. ஆனால் அந்த "மாமா"வின் கடைசி எழுத்தில் இருந்த இழுவை அச்சு அசல் தாரணியுடையது.

"வாங்க மாமா. தாரு, ஏன் சிரிக்கறே? நாங்க சரியாத்தானே கூப்பிட்டோம்?"

இப்போது மிதுலன் நெளிந்தான். "தாரு" என்பது அவன் மனைவியை வீட்டுக்குள் மட்டும் அழைக்கும் பெயர்.

"ரெண்டு பேரையும் கலந்து செஞ்சதுங்க இது. மேடம் கூப்பிடறதும் வரும், நீங்க கூப்பிடறதும் வரும்," என்றார் நஸ்ரின். "கொஞ்ச நேரத்துல பழகிடும்."

மிதுலன் தென்னந்தோப்புகளுக்குத் தேங்காய் பறிக்கும் ட்ரோன்களை வாடகைக்கு விடுபவன்; சொந்தமாகவும் ஒரு தோப்பு உண்டு. தாரணி ஒரு பால் பண்ணையில் தரப் பரிசோதகர். இரண்டு மகள்கள். மூத்தவள் அமிழ்தா பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள். இளையவள் முகை ஆறாம் வகுப்பு. மிதுலனோடு தொழில் செய்த நண்பனும் அவன் மனைவியும் வால்பாறை மலைப்பாதையில் ஒரே விபத்தில் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய ஒரே பெண் கொஞ்ச நாள் சித்தப்பா வீடு, கொஞ்ச நாள் மாமா வீடு என்று பெட்டியும் கையுமாக அலைந்தாள். ஒரு கல்யாணத்தில் அந்தப் பிள்ளை யாரோடு பந்தியில் உட்காருவது என்று தெரியாமல் நின்றதைப் பார்த்துவிட்டு வந்த அன்றே, "மாமா, நாமளும் ஏதாச்சும் எழுதி வெக்கோணும்," என்று தாரணி பிடித்துக்கொண்டாள்.

எழுதி வைப்பது என்பதெல்லாம் பழைய பேச்சு என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

"காகிதத்துல எழுதற உயில் இன்னமும் செல்லுங்க. ஆனா கேள்வி கேட்டா அது பதில் சொல்லாதே," என்று நஸ்ரின் முதல் சந்திப்பில் விளக்கியிருந்தார். "நீங்க இல்லாதப்போ பொண்ணு வெளியூர்ல படிக்கறேன்னு கேட்டா என்ன செய்யறது? வளர்க்கற இடத்துல அவளுக்கு ஒத்துக்கலைன்னா? தோப்பை விக்கலாமா வேண்டாமான்னு சொந்தக்காரங்க அடிச்சுக்கிட்டா? இணையுயில் இருந்தா அதைக் கேக்கலாம். சின்னவ மேஜராகி ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும் உங்க இடத்துல நின்னு அது முடிவெடுக்கும். கோர்ட் அதை உங்க வார்த்தையா எடுத்துக்கும்."

"ஆளுக்கு ஒண்ணா செஞ்சுக்க முடியாதுங்களா?" என்று மிதுலன் கேட்டான்.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு. புருஷனுக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணு. செத்ததுக்கு அப்புறமும் ரெண்டும் கோர்ட்டுல நின்னு சண்டை போட்டுச்சு. ஒரு பொண்ணோட கல்யாணமே அதுல நின்னுபோச்சு. அதுக்கப்புறம்தான் சட்டத்தை மாத்தினாங்க. தம்பதிக்கு ஒண்ணுதான். ஒரே வாய், ஒரே முடிவு."

அதற்காக இருவரும் தனித்தனியே பல வாரம் வந்து பேசினார்கள். சொத்து விவரத்தை அது ஒரே நாளில் வாங்கிக்கொண்டது. மீதி நாளெல்லாம் வேறு கேள்விகள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் யார் ஞாபகம் வரும்? தோப்பில் எந்த மரத்தை வெட்ட மனசு வராது? மனைவி சொன்னது தப்பு என்று தெரிந்தும் எந்த விஷயத்தில் விட்டுக்கொடுத்தீர்கள்? மிதுலன் முதலில் சலித்துக்கொண்டான். பிறகு அவனே நேரம் ஒதுக்கி வர ஆரம்பித்தான். தன்னை இப்படி உட்காரவைத்து யாரும் எதையும் கேட்டதில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"நீங்க தனியா சொன்னதை இன்னொருத்தர்கிட்ட அது சொல்லாது," என்று நஸ்ரின் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். "ஆனா அது எடுக்கற முடிவுல உங்க ரெண்டு பேரோட மனசும் இருக்கும். தான் சொல்லாத ஒண்ணு முடிவுல வந்தா, அது யாரு சொன்னதுன்னு கண்டுபிடிக்கறது கஷ்டமில்லை. சில வீட்டுல அது ஒத்துக்கறதில்லை. பாத்துக்கங்க."

அதனால்தான் கையெழுத்துக்கு முன்னால் ஒத்திகை என்று ஒன்று வைத்திருந்தார்கள். இருவரும் இல்லை என்று வைத்துக்கொண்டு அதனிடம் எது வேண்டுமானாலும் கேட்கலாம். இன்று அந்த ஒத்திகையின் முதல் நாள்.

"சரி," என்று மிதுலன் தொண்டையைச் செருமினான். "நாங்க ரெண்டு பேரும் போயிட்டோம். முதல்ல என்ன பண்ணுவே?"

"நீங்க இருக்கற மகாலிங்கபுரம் வீட்டை வித்துருவோம் மாமா."

"வீட்டையா? எதுக்கு?"

"அந்த வீட்டுல யாருக்கும் பிரியமில்லை. பிள்ளைங்களுக்குன்னு வெச்சுக் காப்பாத்தறதைவிடக் கைமாத்திடறது நல்லது."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நஸ்ரின் ஏதோ எடுக்கப் போவதுபோல் வெளியே போனார்.

திரும்பும் வழியில் ஒரு பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டார்கள்.

"நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் தாரணி.

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றான் மிதுலன். "அந்த மாடிப்படி இருக்குது பாரு. ஏறும்போதெல்லாம் என்னமோ தியேட்டருக்குள்ள போற மாதிரி இருக்குது. ஆனா நீதான் ஆசைப்பட்டு வாங்கச் சொன்னே."

"நானா? உங்க அப்பா பணம் போட்ட வீடாச்சே, குறை சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு இத்தனை வருஷமா வாயைத் தொறக்கலை. அந்தச் சமையக்கட்டுல மத்தியானமும் லைட்டு போட்டாத்தான் உப்பு எது சக்கரை எதுன்னு தெரியுது!"

இருவரும் பேக்கரி வாசலில் நின்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். பக்கத்தில் பப்ஸ் தின்றுகொண்டிருந்த ஒரு கிழவர் தானும் சேர்ந்து சிரித்தார். அன்று வீடு போய்ச் சேர்ந்ததும் தாரணி அந்த வீட்டைப் புதிதாகப் பார்ப்பதுபோல் ஒரு சுற்று சுற்றிவந்தாள். இன்னும் என்னவெல்லாம் அதற்குத் தெரிந்திருக்கும் என்று அவளுக்கு ஒரே ஆவலாக இருந்தது. அடுத்த ஒத்திகைக்கு அவள்தான் முதலில் கிளம்பி நின்றாள்.

அன்று பிள்ளைகள் விஷயம். அதில் பேச என்ன இருக்கிறது என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். மிதுலனுக்கு உடுமலையில் ஓர் அண்ணன், சஞ்சீவன். தாரணிக்கு ஓசூரில் ஓர் அக்கா, கார்த்திகா. இருவரும் நல்லவர்கள், வசதியானவர்கள், பிள்ளைகள்மேல் பாசமானவர்கள். இரண்டில் ஒரு வீடு. எந்த வீடு என்பது மட்டும்தான் கேள்வி.

முகைக்கு மூன்று வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மருந்தில் பெருமளவு அடங்கியிருந்தது. வலிப்பைத் தடுக்க மூளைக்குள் வைக்கும் சில்லு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துவிட்டார்கள். எப்போதாவது வரும். வந்தால் பெரும்பாலும் தூக்கத்தில் வரும். அதனால் அமிழ்தா தங்கையோடு ஒரே கட்டிலில் படுத்தாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தானாகவே ஆரம்பித்து அப்படியே நிலைத்துவிட்டது. இந்த வருடம் ஓசூரில் ஒரு நல்ல பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு அமிழ்தாவுக்கு இடம் கிடைத்தது. அங்கே விடுதிச் சாப்பாடு நன்றாக இருக்காது என்று சொல்லி அவளே வேண்டாம் என்றுவிட்டாள். பெற்றவர்களும் வற்புறுத்தவில்லை.

"பிள்ளைங்களை யாருகிட்ட விடுவே?" என்று தாரணி ஒலிபெருக்கியைப் பார்த்துக் கேட்டாள்.

"அமிழ்தாவைக் கார்த்திகா அக்காகிட்ட. முகையை சஞ்சீவன் அண்ணன்கிட்ட."

தாரணி தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று முன்னால் குனிந்தாள். "பிரிச்சா?"

"ஆமா தாரு. பிரிச்சுத்தான்."

"யாரு சொன்னாங்க உனக்கு? ஒண்ணுக்கொண்ணு விட்டுட்டு இருக்குமா அதுங்க?"

"நாங்க நல்லா யோசிச்சுட்டோம். இதுதான் சரின்னு படுது."

"காரணத்தைச் சொல்லு," என்றான் மிதுலன்.

"அதைச் சொன்னா ஒருத்தர் தனியா சொன்னதைச் சொல்ற மாதிரி ஆயிடும் மாமா. சொல்ல மாட்டோம்."

அந்த ஊர்களில் வண்டிகள் தானாக ஓட ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. சாலையைப் பார்க்கிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வசதி அதில் இல்லை. வீடு திரும்பும் வழியில் எதிரெதிர் இருக்கையில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள்.

"நல்லா இருக்கற பிள்ளை உன்ற அக்காவுக்கு. வலிப்பு வர்ற பிள்ளை என்ற அண்ணனுக்கு. அப்படித்தானே?" என்றான் மிதுலன்.

தாரணி அறை வாங்கினவள்போல் நிமிர்ந்தாள். "என்ன பேசறீங்க நீங்க? நான் சொல்லுவேனா அப்படி?"

"நான் சொல்லலை. அப்ப யாரு?"

"நீங்க சொல்லலைன்னு எனக்கெப்படித் தெரியும்? முகையை உங்க வீட்டோட வெச்சுக்கிட்டா தோப்பும் அங்கயே நின்னுக்கும். அவ பங்கைக் கேக்க அவளுக்குத் தெரியாதுன்னு யாராச்சும் நெனச்சிருப்பாங்க."

சொன்ன பிறகு இருவருமே பயந்துபோனார்கள். திருமணமாகிப் பதினேழு வருடத்தில் இவ்வளவு தூரம் வார்த்தை போனதில்லை. வண்டி மகாலிங்கபுரத்தில் தானாக நின்று கதவைத் திறந்தது. இறங்க யாருக்கும் மனம் வரவில்லை.

அடுத்து வந்த நாள்களில் பிள்ளைகள் முன்னால் இருவரும் இயல்பாகப் பேசினார்கள். அவர்கள் இல்லாதபோது பேசவில்லை. அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தால் மிதுலன் வாசலுக்குப் போய்ப் பேசினான். அக்காவோடு பேசும்போது தாரணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஒருவர் பேசுவதை மற்றவர் காது கொடுத்துக் கேட்பது இருவருக்கும் தெரிந்தது. முன்பு இல்லாத பழக்கம் இது. வீட்டைப் பற்றிய உண்மை வெளிவந்தபோது சிரித்தவர்களுக்கு, அதே வழியில் வந்த இன்னோர் உண்மையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த இணையுயிலே வேண்டாம் என்று சொல்ல இருவரும் நஸ்ரினிடம் போனார்கள். அந்த முடிவு மட்டும் ஒருமனதாக எடுத்தது.

நஸ்ரின் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ரத்து பண்ணிடலாம். அதுல ஒண்ணும் சிரமம் இல்லை. ஆனா ஒரு விஷயம் கேக்கட்டுங்களா? நீங்க சொல்லலை, அவரும் சொல்லலைன்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்றீங்க. எனக்கு ரெண்டு பேர் மேலயும் நம்பிக்கை இருக்கு. அப்படின்னா அதுகிட்டப் பேசினவங்க வேற யாரு?"

"வேற யாரு மேடம்? நாங்க ரெண்டு பேர்தானே?"

"இல்லீங்களே. ஒரு சனிக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தீங்க. பத்து வயசு தாண்டின பிள்ளைங்களையும் கேக்கோணுங்கறது சட்டம். தனித்தனியாப் பேச வெச்சோம். நீங்க வெளியில உக்காந்து காபி குடிச்சிட்டு இருந்தீங்க."

தாரணிக்கு ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் கையில் கட்லெட்டோடு சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஏதோ விளையாட்டுக் கேள்விகள் என்று நினைத்து அவள் அதைப் பற்றிக் கேட்கக்கூட இல்லை.

"பிள்ளைங்க பேச்சையும் கணக்குல எடுக்குமா அது?" என்று மிதுலன் கேட்டான்.

"எடுக்கோணும். எவ்வளவு எடுக்கும்ங்கறது பெத்தவங்களைப் பொறுத்தது. பிள்ளை பேச்சைக் காதுல வாங்காத அப்பா அம்மாவா இருந்தா, அதுவும் வாங்காது."

இருவரும் வெளியே வந்து படிக்கட்டில் நின்றார்கள். மிதுலன்தான் முதலில் பேசினான்.

"உன்னைய அப்படிப் பேசியிருக்கக் கூடாது தாரு."

"நானும்தான்," என்றாள் அவள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவர் மனதிலும் ஒரே பெயர் வந்தது.

"அமிழ்தா," என்றாள் தாரணி. "பாவம் மாமா. எத்தனை வருஷமா மனசுக்குள்ள வெச்சிருந்தாளோ. சாப்பாடு நல்லா இருக்காதுன்னு சொன்னா, நாமளும் நம்பினோம்."

அதன்பிறகு அவர்கள் அமிழ்தாவை நடத்திய விதம் அவளுக்கே விசித்திரமாக இருந்தது. அம்மா திடீரென்று தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். அப்பா ஊட்டியில் ஒரு வாரம் தோழிகளோடு இருந்துவிட்டு வருகிறாயா என்றார். தங்கை தண்ணீர் குடித்தாளா, மாத்திரை போட்டாளா என்று அவள் கேட்டால், "நீ விடு கண்ணு, நான் பாத்துக்கறேன்," என்று யாராவது ஒருவர் குறுக்கே வந்தார்.

மே மாதத்து மாலை ஒன்றில் நால்வரும் கூடத்தில் உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தார்கள். தாரணி மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"ஓசூர் ஸ்கூல்ல இன்னமும் இடம் இருக்குதாம் அமிழ்தா. கார்த்திகா பெரியம்மா விசாரிச்சுச் சொன்னா. சேர்ந்துக்கறியா?"

"அதான் வேண்டாம்னு சொல்லிட்டேனேம்மா."

"எங்களுக்காகச் சொல்லாத கண்ணு. நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம். நீ வக்கீல் ஆபீஸ்ல சொன்னதுகூட..."

மிதுலன் கண்ணைக் காட்டி நிறுத்தப் பார்த்தான். அதற்குள் அமிழ்தா நுங்கைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"நான் என்ன சொன்னேன் வக்கீல் ஆபீஸ்ல?"

வேறு வழியில்லாமல் அவர்கள் சொல்லவேண்டியதாயிற்று. இணையுயில் இருவரையும் வெவ்வேறு வீட்டுக்கு அனுப்பச் சொன்னதையும், அது பிள்ளைகள் பேச்சைக் கேட்டுத்தான் அப்படிச் சொல்லியிருக்கும் என்பதையும் சொல்லி முடிப்பதற்குள் அமிழ்தாவின் முகம் சிவந்துவிட்டது.

"இவளை விட்டுட்டுப் போறேன்னு நான் சொன்னேன்னு நெனச்சீங்களா? அதான் எண்ணெய் வெச்சுவிட்டீங்களா? எங்க இருந்தாலும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருப்போம், இவளை நான்தான் பாத்துக்குவேன்னு திரும்பத் திரும்பச் சொன்னேன் அதுகிட்ட! வேணும்னா போய்க் கேளுங்க!"

அவள் அழ ஆரம்பித்தாள். தாரணி எழுந்து அருகே போகப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் முகை.

மூவரும் திரும்பினார்கள். முகை கையில் இருந்த நுங்கை இன்னும் கீழே வைக்கவில்லை. விரல் வழியே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னே சாமி?" என்று மிதுலன் கேட்டான்.

"அக்காவை வேற வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். என்னைய உடுமலைப் பெரியப்பா வீட்டுல விடச் சொன்னேன்."

"ஏன்?"

"பெரியப்பா நல்லாக் குறட்டை விட்டுத் தூங்குவாரு. பெரியம்மாவும் தூங்குவாங்க. அக்கா தூங்கறதே இல்லைப்பா. நான் புரண்டு படுத்தாக்கூட எந்திரிச்சு உக்காந்துக்கறா. மூக்குகிட்ட விரல் வெச்சுப் பாக்கறா. நான் தூங்கற மாதிரி நடிச்சாத்தான் படுக்கறா. அப்பறம் எனக்குத் தூக்கம் வர்றதில்லை, ஏன்னா புரளக் கூடாதே."

அமிழ்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தாள். "என்கூட இருக்கப் பிடிக்கலையா உனக்கு?"

"பிடிக்குது. ஆனா நீ என்னையப் பாத்துக்கிட்டே இருக்கறே."

"பாத்துக்கறேன்டி உன்னைய!"

"அதான் சொல்றேன். பாக்கறே. எப்பவும் பாக்கறே. ஸ்கூல்ல பாக்கறே, சாப்பிடறப்போ பாக்கறே. நான் எதுக்காச்சும் மேல பாத்தாப் போதும், உன்ற முகம் மாறிடுது. எனக்கு வலிப்பு வந்தா ஒண்ணும் தெரியாதுக்கா. உன்ற முகத்தைப் பாக்கறதுதான் பயமா இருக்குது."

அமிழ்தா எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். யாரும் பின்னால் போகவில்லை. முகை நுங்கைத் தின்று முடித்தாள்.

மறுபடி நஸ்ரினின் உள்ளறையில் உட்கார்ந்தபோது மிதுலன் நேராக விஷயத்துக்கு வந்தான்.

"முகை எல்லாத்தையும் சொல்லிட்டா. இனி நீ மறைக்க வேண்டியதில்லை. ஒண்ணு மட்டும் சொல்லு. பிள்ளைங்க ஒண்ணா இருக்கோணும், அமிழ்தா இருக்கறா, பாத்துக்குவான்னு நான் உன்கிட்டச் சொன்னேன்."

"நானும் அதேதான் சொன்னேன்," என்றாள் தாரணி.

"ஆமா. வீட்டை விக்கறதைத் தவிர நீங்க ரெண்டு பேரும் வார்த்தை மாறாம ஒரே மாதிரி சொன்னது அது ஒண்ணுதான்," என்றது இணையுயில்.

"அப்படியிருந்தும் அதை எப்படித் தள்ளினே? பெத்தவங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம், பெரியவளும் அதே பக்கம். ஒத்தைப் பிள்ளை பேச்சைக் கேட்டு எப்படி முடிவு பண்ணினே?"

கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் வந்தது. யோசிக்கும்போது மிதுலன் அப்படித்தான் தாமதிப்பான் என்று தாரணி கவனித்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் அமிழ்தாவுக்குப் பழகிடுச்சுன்னு சொன்னீங்க மாமா. அவளுக்கு எப்படி இருக்குதுன்னு சொல்லலை. எங்களுக்கும் தெரியலை. முகை சொன்னப்போதான் தெரிஞ்சுது. தெரிஞ்சதுக்கு அப்புறம் நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு யோசிச்சோம். அவளை இன்னும் பத்து வருஷம் முழிச்சிருன்னு சொல்லுவீங்களா? சொல்ல மாட்டீங்கன்னு பட்டுது."

தாரணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்களுக்கு ஏன் இத்தனை நாளாத் தெரியலை?"

"உங்களுக்கு வேலை இருந்துது தாரு. எங்களுக்குக் கேக்கறது மட்டும்தான் வேலை."

அது அவர்களைச் சமாதானப்படுத்தச் சொன்னதா, குத்திக்காட்டச் சொன்னதா என்று மிதுலனுக்குத் தெரியவில்லை. தாரணியும் இப்படித்தான் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டான்.

வெளியறைக்கு வந்ததும் நஸ்ரின், "ரத்துதானே?" என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம். அது சொன்னபடியே இருக்கட்டும். கையெழுத்துப் போட்டுடறோம்," என்றான் மிதுலன்.

"பிரிச்சேவா?"

"பிரிச்சேதான். நாங்க சாகறதுக்குள்ள மாத்தவேண்டியிருந்தா மாத்திக்கலாமுங்களா?"

"தாராளமா. வருஷத்துக்கு ஒருதடவை நாலு பேரையும் மறுபடி கூப்பிடுவோம்."

"சாகற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கோணும்?" என்றாள் தாரணி, யாரிடமும் இல்லாமல்.

வீட்டில் முகைக்கு ஒரு தனி அறை ஒழித்துக் கொடுத்தார்கள். துணிமணி அடைத்து வைத்திருந்த சின்ன அறைதான். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டினார்கள். அவளுக்கு ஏதாவது ஆனால் பெற்றோர் அறையில் மட்டும் அது ஒலிக்கும். தன் அறைக்கும் ஒலிப்பான் வேண்டும் என்று அமிழ்தா கேட்டாள். மிதுலன் முடியாது என்றான். மகளிடம் அவன் அவ்வளவு உறுதியாக மறுத்துப் பேசியது அதுவே முதல் தடவை.

அமிழ்தா சுலபத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. வேலையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டதுபோல் அவளுக்கு இருந்தது. தங்கையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தாரணியிடம் மட்டும் ஒருநாள் அடுப்படியில் வந்து நின்று கேட்டாள்.

"அவளைப் பாத்துக்கலைன்னா நான் வேற என்னம்மா பண்றது?"

தாரணி அடுப்பைத் தணித்தாள். "எனக்கும் தெரியலை அமிழ்தா. கொஞ்ச நாள் சும்மா இருந்து பாரேன்," என்றாள். அமிழ்தா ஓசூருக்கும் போகவில்லை. அடுத்த வருடம் யோசிக்கலாம் என்றாள். அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை.

விடுமுறை முடிவதற்கு முன்னால் முகை உடுமலைக்குப் போனாள். இதுவரை அக்கா இல்லாமல் அவள் எங்கேயும் தங்கியதில்லை. சஞ்சீவன் வந்து கூட்டிப்போனார். வண்டி தெருமுனை திரும்பும்வரை அமிழ்தா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாரணியின் போன் அடித்தது. முகை.

"அம்மா, எனக்கு வலிப்பு வந்துடுச்சும்மா."

"எப்ப? யாராச்சும் பக்கத்துல இருந்தாங்களா? இப்ப எப்படி இருக்கறே?"

"நல்லா இருக்கறேன். டிவி பாத்துட்டு இருக்கறப்போ வந்துச்சாம். பெரியம்மா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாங்க. டாக்டர்கிட்டப் பேசிட்டாங்க, ஒண்ணுமில்லைன்னுட்டாரு. பெரியப்பா அந்தப் பக்கம் தூங்கிட்டே இருந்தாரும்மா! எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் எழுப்பினோம். என்னாச்சு என்னாச்சுன்னு வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தாரு." முகை சிரித்தாள். குரலில் அசதி இருந்தது, பயம் இல்லை. "பெரியம்மா பேசறேங்கறாங்க. அதுக்கு முன்னாடி அக்காகிட்டக் குடுங்க. நானே சொல்லோணும். வேற யாராச்சும் சொன்னா அவ பயந்துக்குவா."

தாரணி போனோடு கூடத்துக்குப் போனாள். அமிழ்தா மின்விசிறிக்குக் கீழே வெறுந்தரையில் படுத்திருந்தாள். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது. தெருவில் தேங்காய் லாரி ஒன்று பெருஞ்சத்தத்தோடு போயிற்று. அவள் அசையவில்லை.

"தூங்கறா கண்ணு."

"மத்தியானத்துலயா?"

"ஆமா. நல்லாத் தூங்கறா."

"அப்ப எழுப்பாதீங்கம்மா," என்றாள் முகை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள், உடுமலையில் பேசினால் பொள்ளாச்சியில் விழித்துக்கொள்வாள் என்பதுபோல. "எந்திரிச்சதுக்கு அப்புறம் நானே கூப்பிடறேன்."

தாரணி அடுப்படிக்குப் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். விளக்கைப் போட்டாள். கேட்க எவ்வளவோ இருந்தது. எங்கே அடிபட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டாயா, மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டாய்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டே?" என்று கேட்டாள்.

"பெரியம்மா மீன் குழம்பு வெச்சாங்கம்மா," என்று முகை உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.